ஜெபத்தின் மறுபாதி

மாலை வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது, அம்மாள் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்து, ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டார். அன்று அவருடைய குரல் வழக்கத்தைவிடச் சற்று உரத்திருந்தது. கதவோரம் மகள் கைகளைக் கட்டியபடி நின்று பார்த்துக்கொண்டிருந்ததே அதற்குக் காரணம்.

பக்கவாதம் வந்து படுத்ததிலிருந்து அம்மாளின் கணவர், ஊருக்கெல்லாம் பூட்டு பழுதுபார்த்த பூட்டுக்காரர், தண்ணீர் வேண்டும் என்றோ, வலிக்கிறது என்றோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அம்மாள் ‘அருள் நிறைந்த மரியாயே’ என்ற மந்திரத்தின் முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினால் போதும். பழைய வீட்டுக் கதவு திறப்பதைப்போல ஒரு முனகல் எழும். பிறகு, “அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே, பாவிகளாயிருக்கிற எங்களுக்காக...” என்று தொடங்கி ஆமென் வரைக்கும் பிசிறில்லாமல் சொல்லி முடிப்பார்.

திருமணமான நாள்தொட்டு அந்த வீட்டின் முறை அதுதான். முதல் பாதி அம்மாளுக்கு, மறுபாதி கணவருக்கு. முகம் கொடுத்துப் பேசாமல் இருவரும் விறைத்துக்கொண்டு திரிந்த நாட்களிலும் ஜெபமாலை தவறியதில்லை. அத்தகைய நாட்களில் பூட்டுக்காரர் ‘பாவிகளாயிருக்கிற’ என்ற இடத்தில் அழுத்தம் கொடுத்து, மனைவியை ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்ப்பார். அடுப்பில் ஏதாவது கொதிக்கிறதே என்று அம்மாள் அவசரப்பட்டால், “ரயிலைப் பிடிக்கப் போறியா? மாதா எங்கயும் போயிட மாட்டாங்க” என்பார். பாதிச் சண்டைகள் அந்த இடத்தில்தான் முடிந்திருக்கின்றன.

அந்த ஓரக்கண் பார்வை இன்னும் இருந்தது. அதை நம்பித்தான் அம்மாள் மகளிடம் அவ்வளவு உறுதியாகப் பேசிவிட்டார். சென்ற வாரம் கணவரைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது இடுப்புப் பிடித்துக்கொண்டு, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்த அம்மாளை, அடுத்த வீட்டார்தான் வந்து தூக்கினார்கள். செய்தி கேட்டு வந்த மகள் கோபப்படவில்லை. முதியோர் இல்லம் ஒன்றில் இடம் கேட்டுவைத்திருப்பதாக மட்டும் சொன்னாள். “கையைக் குடுங்க, கம்பியைப் பிடிங்கன்னு நீங்க சொல்றது அவருக்குப் புரியுதுன்னா இங்கயே இருக்கட்டும்மா. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்” என்றும் சொன்னாள்.

“எல்லாம் புரியுது. சாயங்காலம் நீயே பாரு” என்றிருந்தார் அம்மாள்.

மகள் பார்த்தாள். இரண்டு மணிகள் உருண்டன. இரண்டு முறையும் பூட்டுக்காரர் திருத்தமாக மறுமொழி சொன்னார். பாவிகள் வந்த இடத்தில் கண்கள் அம்மாளை நோக்கி ஒதுங்கின. அம்மாள் வெற்றியோடு திரும்பிப் பார்த்தார்.

“கொஞ்சம் எழுந்திரிங்கம்மா” என்றாள் மகள். நாற்காலியில் அமர்ந்து, சிறுவயதில் தூக்கக் கலக்கத்தோடு கேட்டு வளர்ந்த முதல் பாதியின் அதே இராகத்தில், ஏற்ற இறக்கம் சிறிதும் மாறாமல் சொன்னாள்.

“அடுப்புல பால் பொங்குது அப்பா, வீடு பத்திக்கிச்சு. அம்மா கீழ விழுந்துட்டாங்க, இன்னும் எழுந்திரிக்கவே இல்ல.”

முனகல் எழுந்தது. “அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே, பாவிகளாயிருக்கிற...” அதே அழுத்தம். அதே ஓரக்கண் பார்வை, நாற்காலியை நோக்கி. அதில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பது அந்தக் கண்களுக்கு ஒரு பொருட்டாக இருக்கவில்லை. ஆமென் என்றதும் வாய் மூடிக்கொண்டது.

மகள் தலையைத் தாழ்த்திக்கொண்டாள். தான் ஜெயித்ததில் அவளுக்கு எந்த மகிழ்ச்சியும் இல்லை என்பது அம்மாளுக்குத் தெரிந்தது. அது இன்னும் வலித்தது.

“இன்னொரு தடவை கேட்டுப் பாரேன்மா. களைச்சுப் போயிருப்பாரு” என்றார் அம்மாள்.

“கேக்கலாம்மா. இதையேதான் சொல்வாரு.”

காலையில் இல்லத்து வண்டி வரும் என்று சொல்லி, போர்வைகளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினாள் மகள். அம்மாள் சுவரில் சாய்ந்துகொண்டார். பிறகு கேட்டார்.

“அங்க முதல் பாதியை யாரு சொல்வாங்க?”

மகள் மடித்த போர்வையைப் பிரித்து மீண்டும் மடித்தாள்.

அம்மாள் நாற்காலிக்குத் திரும்பினார். விட்ட மணியிலிருந்து தொடர வேண்டும். விரல் அதைக் கண்டுபிடித்து நின்றது. கட்டிலில் பூட்டுக்காரரின் உதடுகள் லேசாகப் பிரிந்திருந்தன. கண்கள் அம்மாளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.