பதினான்காம் எண் பெட்டி

பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே செக்கரின் வாய் திறந்துதான் இருந்தது. மேசைமேல் பஞ்சு வைத்திருந்த சின்ன மரப்பெட்டியை அவர் பார்த்துவிட்டார்.

"அட, நீங்க பண்ணதுதாங்க," என்றார் டாக்டர். "உங்க மச்சினன் கடையில வாங்கினேன். ரெண்டு மாசமாச்சு, மூடி முதல் நாள் மாதிரியே உக்காருது. கைவேலைன்னா இதுதான்."

செக்கர் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பினார். அடியில் பென்சிலால் 14 என்று எழுதியிருந்தது. அவர் செய்யும் பெட்டிக்கெல்லாம் இப்படித்தான் எண் போடுவார். அதே அளவு, அதே தேக்கு, மூடியில் அதே எட்டிதழ்ப் பூ. ஆனால் கீலைப் பார்த்ததும் அவருக்கு மூக்கில் வியர்த்தது. கீலை முடுக்கும் திருகாணிகளின் தலைக்கீறல்கள் எல்லாம் ஒரே கோட்டில் நிற்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. இதிலோ ஒன்று இந்தப் பக்கம் பார்த்தது, ஒன்று அந்தப் பக்கம் பார்த்தது, மற்ற இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன.

இது அவர் செய்த பெட்டி இல்லை. எண்கூட அவர் எழுதியதில்லை. அவர் எழுத்தைப் பார்த்து யாரோ வரைந்திருக்கிறார்கள். இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து, ஊரில் 'செக்கர்' என்றே பேராகிப்போனவரிடமா இந்த விளையாட்டு? ஜன்னலோரம் தூங்குகிறவன் நிஜமாகத் தூங்குகிறானா என்று இமையைப் பார்த்தே சொல்லிவிடுகிற மனுஷன் அவர். அன்று பல் பிடுங்கியது அவருக்கு வலிக்கவே இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஆறு மாதம் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அப்புறம்தான் மனைவியின் தம்பி தன் தச்சுப் பட்டறையில் ஒரு மூலையை ஒதுக்கி, "சும்மா வந்து உக்காருங்க மாமா" என்று கூப்பிட்டான். தன்னைவிடப் பதினைந்து வயது இளையவனிடம் உளி பிடிக்கக் கற்றுக்கொண்டு, எட்டு மாதத்தில் இருபத்திரண்டு பெட்டி செய்துவிட்டார். கம்மல், பொத்தான், ஊசிநூல் போட்டுவைக்கிற சின்னச் சின்னப் பெட்டிகள். இன்றைக்கு எத்தனாவது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், மனுஷனுக்கு வயிறு நிறைந்துவிடும். தனக்கென்று உலகத்தில் மிச்சமிருப்பது அந்தப் பெட்டிகள்தான் என்று அவர் நினைத்திருந்தார். அதிலேயே யாரோ கை வைத்துவிட்டார்கள்.

யாரோ என்ன யாரோ! முடித்த பெட்டியை வாங்கி அலமாரியில் வைப்பவன் மச்சினன். "ஒரு மாசம் இருக்கட்டும் மாமா, அப்புறம் கடைக்குப் போகட்டும்" என்பவனும் அவனே. அந்த ஒரு மாதத்தில்தான் ஆள்மாறாட்டம் நடக்கிறது. இவருடைய பெட்டிகளைத் தன் பெயரில் பெரிய இடத்துக்கு அனுப்பிவிட்டு, தான் செய்ததைப் பல் டாக்டர் போன்ற அப்பாவிகள் தலையில் கட்டுகிறான். வேறு என்ன காரணம் இருக்க முடியும்? கோபத்துக்கு நடுவே செக்கருக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதை மறைப்பானேன். திருடுகிற அளவுக்கு வேலை நன்றாக இருக்கிறதே!

யோசிக்க யோசிக்கப் பழைய சங்கதிகளும் சாட்சி சொல்ல வந்தன. முதல் நாளே அவன் தொழிலை மறைக்கப் பார்த்தவன்தானே? மூடிக்கு நாலு சட்டம் இழைத்து, உள்பக்கம் காடி வெட்டி, அந்தப் பள்ளத்துக்குள் பூப்போட்ட பலகையை நிறுத்தவேண்டும். "பலகைக்கு மட்டும் பசை போடாதீங்க மாமா, காடிக்குள்ள சும்மா நிக்கட்டும்" என்றான். லொடலொடவென்று ஆடுகிற பலகையை எவனாவது அப்படியே விடுவானா? காதில் பூ சுற்றுகிறான் என்று செக்கருக்கு அப்போதே புரிந்துவிட்டது. அவன் அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து, காடி நிறையப் பசையை ஊற்றிப் பலகையை உடும்புப் பிடியாக இறுக்கினார். இருபத்திரண்டு பெட்டிக்கும் அதேதான். அவனுக்குத் தெரியாமல் தொழிலின் சூட்சுமத்தைப் பிடித்துவிட்ட திருப்தி.

இரண்டு நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார், ஒன்றும் சிக்கவில்லை. மூன்றாம் நாள், "கண் டாக்டரைப் பார்த்துட்டு வரேன் மாப்ள" என்று கிளம்பி, பட்டறைக்கு எதிரே நின்ற லாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மச்சினன் ஒரு துணிப்பையோடு வெளியே வந்தான். பைக்குள் பெட்டியின் மூலை துருத்திக்கொண்டிருந்தது. அவன் முன்னும் பின்னும் பார்த்த பார்வை இருக்கிறதே, டிக்கெட் எடுக்காதவன் பார்வை அது. செக்கர் இருபதடி விட்டுப் பின்தொடர்ந்தார்.

கடைவீதி தாண்டி, தண்ணீர்த் தொட்டி தாண்டி, அவன் திரும்பியது செக்கரின் தெருவில். நுழைந்தது செக்கரின் வீட்டில். அக்காவும் தம்பியும் கூட்டா? முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவளுமா?

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கமாக உள்ளே போனார். மனைவி தரையில் மண்டியிட்டு, இரும்புப் பெட்டி ஒன்றைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தம்பி, காலிப் பையோடு.

"கண் டாக்டர் இல்லையாங்க?" என்றாள்.

"கண்ணெல்லாம் நல்லாத்தான் தெரியுது. அதை வெளிய இழு."

திறந்தாள். செய்தித்தாளில் சுற்றிய பொட்டலங்கள். பத்தொன்பது என்று அவர் வாய் தானாக எண்ணியது. மீதி மூன்று பட்டறை அலமாரியில். எல்லாம் இங்கேதான் இருந்திருக்கிறது, எந்தப் பெரிய இடத்துக்கும் போகவில்லை. முதல் பொட்டலத்தைப் பிரித்தார். மூடிப் பலகை பூவின் நடுவே இரண்டாக வெடித்திருந்தது. அடுத்ததில் மூலைகள் நகம் நுழைகிற அளவு வாய் பிளந்திருந்தன. இன்னொன்றின் மூடியைத் திறக்கவே முடியவில்லை.

"யார் இதையெல்லாம் உடைச்சது?" என்றுதான் அவர் முதலில் கேட்டார்.

"யாரும் உடைக்கல மாமா. மரம் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். பலகை நகர இடம் வேணும். நீங்க பசை போட்டு இறுக்கிட்டீங்க. அது சுருங்குறப்போ வெடிச்சிருக்கு, ஊதுறப்போ மூலையைத் தள்ளியிருக்கு."

"இதை ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"முதல் நாளே சொன்னேனே மாமா."

மனைவிதான் பேசினாள். "முதல் பெட்டியை வாங்கினவங்க ஒரே மாசத்துல திருப்பிக் கொடுத்துட்டாங்க. நான்தான் உங்ககிட்ட சொல்ல வேணாம்னேன். மறுபடியும் சுவரைப் பார்த்து உக்காந்துடுவீங்கன்னு பயம். அந்த ஆறு மாசத்தை இன்னொரு தடவை என்னால பார்க்க முடியாதுங்க."

"அப்போ கடையில வித்ததெல்லாம்?"

"நான் பண்ணது," என்றான் மச்சினன் தலையைச் சொறிந்துகொண்டு. "உங்க பூவுல ஒரு இதழ் கோணலா வரும்ல, அதைச் செதுக்கத்தான் ரொம்பக் கஷ்டப்பட்டேன்."

அவமானம் அவர் காதுவரை சுட்டது. ஊரில் யார் யாரோ புகழ்ந்ததெல்லாம் இவன் கையை. அதைவிட, ஒரு வெடிப்பைத் தாங்கமாட்டார் என்று இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்ததுதான் வலித்தது.

"திருடலைன்னு சொல்லாதீங்க," என்றார். "என் தப்பையெல்லாம் திருடிக் கட்டிலுக்கு அடியில வெச்சிருக்கீங்க. முதல் பெட்டியைக் காட்டியிருந்தா ரெண்டாவதை நான் ஒழுங்காப் பண்ணியிருக்க மாட்டேனா?"

"மாட்டீங்க," என்றாள் மனைவி. "அவன்தான் உடைச்சான்னு சண்டைக்குப் போயிருப்பீங்க."

அது உண்மை என்று அவருக்கே தெரிந்தது. மறுநாள் இரும்புப் பெட்டியைப் பட்டறைக்குத் தூக்கிப்போய், பத்தொன்பதையும் உளியால் பிளந்து பார்த்தார். ஒவ்வொன்றிலும் காடி நிறையப் பசை. வேறு யார் கைரேகையும் இல்லை. பல் டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னார். டாக்டர் நன்றாகச் சிரித்தார், பெட்டியைத் திருப்பித் தரத்தான் மனம் வரவில்லை.

அடுத்த பெட்டிக்குப் பன்னிரண்டு நாள் பிடித்தது. பலகையைப் பசையில்லாமல் காடிக்குள் விட்டார். லேசாக ஆட்டினால் லொடக்கென்றது. பசைக் குப்பிவரை இரண்டு தடவை போன கையை இழுத்துக்கொண்டார். முடித்ததும் மச்சினன் கையில் கொடுத்து, "உள்ளதைச் சொல்லு" என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று அன்று மனைவியும் பட்டறைக்கு வந்து வாசலோரம் நின்றிருந்தாள்.

அவன் மூடியைத் திறந்தான், மூடினான். வெளிச்சத்தில் பிடித்தான். அக்காவைப் பார்த்தான். பிறகு, "பலகை சரியா இருக்கு மாமா. ஆனா ஒரு மூலை கோணல். இதைக் கடைக்கு அனுப்ப முடியாது," என்றான்.

மனைவி புடவை நுனியை இறுகப் பிடித்துக்கொண்டாள். செக்கர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஸ்டூலை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

"எந்த மூலை?" என்றார்.