கதீஜாவின் கல்கத்தாத் தபால்

சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுனில், அரசாங்கம் கட்டிய வீவக அடுக்குமாடியின் ஒன்பதாம் தளத்தில் குடியிருந்த கதீஜா எது பேசினாலும், அது ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ கழித்துத்தான் காதில் விழும். அதனால் அவரை அடக்கம் செய்து இரண்டு வாரமான பிறகும் சமையலறையில் அவர் குரல் கேட்டுக்கொண்டிருந்ததை அந்தத் தளத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா மட்டும், லிஃப்ட் வாசலில் போன மாதத்து ஸலாம் ஒன்று தனியாக வந்து விழுந்ததைக் கேட்டு, பதில் ஸலாம் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு லிஃப்ட் வந்தது, ஏறிப் போனார்.

கதீஜா பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் சாதியா கல்யாணமாகி ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போய்விட்டாள். கணவர் ஜமால் முகம்மதுவுக்கு ஜாலான் புசாரில் வன்பொருள் கடை. காலையில் போனால் இருட்டித்தான் வருவார். பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல்தான் கதீஜா அந்த வேலையை எடுத்துக்கொண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிருந்த வெள்ளைக்கார அரசாங்கம் கல்கத்தாவுக்கு எழுதிய கடிதங்களைக் கணினியில் பார்த்து, கொடிகொடியாக ஓடும் கையெழுத்தைப் படித்து, ஆவணக் காப்பகத்துக்குத் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். கூலி கிடையாது, தொண்டு. அப்போது சிங்கப்பூர் கல்கத்தாவின் கைக்குள் இருந்தது. சிறைச்சாலைக் கூரை ஒழுகினாலும் தெருவிளக்குக்கு எண்ணெய் போதாவிட்டாலும் அங்கே எழுதித்தான் அனுமதி வாங்க வேண்டும். கப்பல் போய், கடிதம் மேசை மேசையாக ஏறி இறங்கி, பதில் திரும்புவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். ஒரு மரப்பாலத்துக்குப் பலகை மாற்றலாமா என்று கேட்டிருந்தார்கள். மாற்றலாம் என்று பதில் வந்தபோது பாலம் ஆற்றோடு போயிருந்தது. கதீஜா அதைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தார். பட்டுத் தெளிந்த கவர்னர்கள் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வேலையை முதலில் முடித்துவிடுவது, தாங்கள் அனுமதிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் செய்துவிட்டோம் என்று பின்னால் எழுதுவது. இது கதீஜாவுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அன்று சாப்பாட்டில் கணவரிடம் சொன்னார். ஜமால் முகம்மது மீன்முள்ளை எடுத்துக்கொண்டே "ம்" என்றார்.

சில வருடம் அந்தக் கடிதங்களோடேயே இருந்ததில் கதீஜாவின் பேச்சுக்கும் கப்பல் வேகம் வந்துவிட்டது. முதலில் ஒருவேளைச் சாப்பாட்டு நேரம் பிந்தியது, பிறகு ஒரு வாரம், கடைசியில் மாதக்கணக்கில் நின்றது. வடகிழக்குப் பருவக்காற்று அடித்தால் இன்னும் தள்ளிப்போகும். பலதுறை மருந்தகத்து டாக்டர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்துச் சப்புகிற மாத்திரை கொடுத்தார். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒற்றை டிக்கோடு நிற்கும். தாளில் எழுதிக் காட்டினாலும் ஒரு மாதம் வெறுந்தாள்தான். சொன்ன சொல் சொன்ன இடத்திலேயே வந்து விழும் என்பது மட்டும் மாறவில்லை. சந்தையில் மீன்காரர் கெட்டிக்காரர், கதீஜா வந்து நின்றாலே வழக்கமான தெங்கிரி மீனை எடுத்து வெட்ட ஆரம்பித்துவிடுவார். வீட்டில்தான் கஷ்டமாயிற்று. போன மாதத்துக் கேள்விக்கு ஜமால் முகம்மது இன்றைக்குப் பதில் சொல்வார். கேட்டதையே மறந்துவிட்ட கதீஜா திருதிருவென்று விழிப்பார். கொஞ்ச நாள் முயன்று பார்த்துவிட்டு ஜமால் முகம்மது கைவிட்டார். கடையில் கீலுக்கும் தாழ்ப்பாளுக்கும் மூன்று மொழியில் பேரம் பேசுகிற மனுஷர், வீட்டுப் படியேறியதும் ஊமையாகிவிடுவார். குரல் வந்து விழுந்தாலும், ஆறிப்போன பேச்சுதானே என்று தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார். எதிரும் புதிருமாக உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிட்டு எழுந்தார்கள். இப்படியே பல வருடம் போயிற்று.

கதீஜா போன பிறகுதான் ஜமால் முகம்மது காது கொடுத்துக் கேட்டார். "அரிசி தீந்துருச்சு, வரும்போது வாங்கிட்டு வாங்க" என்று குரல் வந்தது. அரிசி டின்னைத் திறந்து பார்த்தால் அடி தெரிந்தது. இன்னொரு நாள் "குடை எடுத்துக்குங்க" என்றது. வானம் பளிச்சென்று இருந்தது, அவர் கீழே இறங்குவதற்குள் மழை கொட்டியது. "சட்டையில மூணாவது பட்டன் தொங்குது பாருங்க." குனிந்து பார்த்தார், தொங்கியது. அப்போதுதான் அவருக்கு விளங்கிற்று. கதீஜா அந்தக் கவர்னர்களிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்தார். பேசுகிற நாளுக்காகப் பேசாமல், போய்ச் சேருகிற நாளுக்கு என்ன வேண்டுமோ அதை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். எத்தனை வருடமாக என்று யாருக்குத் தெரியும்? ஆறிப்போனது என்று தான் ஒதுக்கிய சொல்லெல்லாம் அந்தந்த நாளுக்குச் சுடச்சுட வந்திருக்கிறது. ஜமால் முகம்மது சமையலறைத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

அவருக்கு இன்னொரு பதில் வரவேண்டியிருந்தது. மருத்துவமனையில், கதீஜா கண்மூடுவதற்கு முதல் நாள், கட்டிலோரம் குனிந்து அவர் கேட்டிருந்தார். "இத்தன வருசமா ஒன்னத் தனியா விட்டுட்டேன். மன்னிச்சிருவியா?" கதீஜாவின் உதடு வெகுநேரம் அசைந்தது. என்ன சொன்னார் என்பது தபாலில் இருந்தது.

சாதியா பெர்த்திலிருந்து கூப்பிட்டாள். "அத்தா, உங்களுக்கு டிக்கெட் போட்டுட்டேன். அங்க ஒத்தையா என்ன பண்ணப் போறீங்க?"

"உங்கம்மா இன்னும் பேசி முடிக்கலம்மா."

"ஓகேத்தா. அம்மா முடிச்சதும் சொல்லுங்க, டேட் மாத்திக்கலாம்."

அடக்கமாகி ஒரு மாதமும் சில நாளும் ஆனதும் சமையலறை அடங்கிவிட்டது. வீட்டில் பேச வேண்டியதைக் கதீஜா பேசி முடித்துவிட்டார், மருத்துவமனையில் சொன்னது அங்கேதான் வந்து விழும். மறுநாளே ஜமால் முகம்மது கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போனார். கதீஜா படுத்திருந்த சன்னலோரக் கட்டிலில் இப்போது மேடம் கோ என்ற சீனக் கிழவி படுத்திருந்தார். தாதி திவ்யதர்ஷினி வந்து விசாரித்தாள்.

"அங்கிள், நீங்க யாரப் பாக்க வந்தீங்க?"

"என் மனைவி இங்க பேசப் போறாங்கம்மா. என்னைக்குன்னு தெரியல."

"ஓ, ஓகே. உக்காருங்க. ஆனா எட்டு மணிக்கு விசிட்டிங் முடிஞ்சுரும்லா."

தினமும் போனார். கப்பலை யார் அவசரப்படுத்த முடியும்? மேடம் கோவைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. கட்டிலோர நாற்காலி அவர் போகும்போதெல்லாம் காலியாகத்தான் இருந்தது. முதல் நாள் அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "டுடுக் லா" என்று நாற்காலியைக் காட்டினார். உட்கார் என்று அர்த்தம். ஜமால் முகம்மது உட்கார்ந்தார். பேசுகிற பழக்கம் விட்டுப்போயிருந்தது. அந்த அம்மா சன்னலைப் பார்த்தார், இவர் தலையணையைப் பார்த்தார். குரல் வராமலே போய்விடுமோ, வழியில் முழுகிவிட்டதோ என்று அவர் விரல்விட்டு நாளை எண்ணினார். எட்டு மணிக்கு மணியடித்தால் எழுந்து பஸ் ஏறி, சமைக்காத வீட்டுக்குப் போனார்.

ஒரு சாயங்காலம், சாப்பாட்டுத் தட்டு வரும் நேரத்தில், தலையணைப் பக்கமிருந்து குரல் வந்தது. இளைத்திருந்தாலும் தெளிவாகவே இருந்தது.

"வந்துட்டீங்களா? வருவீங்கன்னு தெரியும். கோவம் இருந்துச்சுங்க, இல்லன்னு சொன்னா பொய். நெறையவே இருந்துச்சு. ஆனா மன்னிக்கிறதுக்கு நீங்க கேக்கணும்னு நான் காத்துக்கிட்டு இருக்கல. அது எப்பவோ ஆச்சு. இப்ப இந்தக் கட்டில்ல வேற யாராச்சும் படுத்திருப்பாங்க. சும்மா உக்காந்திருக்காதீங்க, அவங்கள்ட்ட ஏதாச்சும் பேசுங்க. அவங்க பதிலு அப்பவே வரும். நல்லாருக்கும்."

அவ்வளவுதான். ஜமால் முகம்மது கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். மேடம் கோ தலையணையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, தன் தலைக்கடியில் இன்னொருவர் வீட்டுப் பேச்சு நடந்ததில் தவறொன்றும் இல்லை என்பதுபோல, தட்டின் மூடியைத் திறக்கத் தடவினார். மூடி பிடிகொடுக்கவில்லை. ஜமால் முகம்மது எழுந்து மூடியைத் திறந்து கொடுத்தார். கஞ்சியிலிருந்து ஆவி வந்தது. என்ன பேசுவதென்று தெரியாமல், கடையில் பொறுக்கிய மலாயில், அவர் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார்.

"சுடா மாக்கான்?"

தட்டு அப்படியே இருக்க அது அசட்டுக் கேள்விதான். மேடம் கோ பல்லில்லாத வாயால் சிரித்தார்.

"பிலும். இன்னும் இல்ல" என்று சீனத் தொனியில் தமிழும் கலந்து சொன்னார்.

கேட்ட மூச்சு அடங்குவதற்குள் பதில் வந்துவிட்டது. ஜமால் முகம்மதுவுக்கு அதுதான் அதிசயமாக இருந்தது.