திங்கட்கிழமைக்குள் ஒரு நல்ல போர்ப்படம்

1

ஒரு சினிமா இதழ் என்னிடம் கட்டுரை கேட்டது. சிறந்த போர்ப்படம் எது, ஏன். நாலு பக்கம் போதும் என்றார்கள். உட்கார்ந்து முதல் வரியை எழுதினேன்:

"மகத்தான போர்ப்படம் என்பது போரைக் காட்டுவதில்லை, அது மனித ஆன்மாவின் இருண்ட

அடித்துவிட்டேன். இந்த வாக்கியத்தை யார் வேண்டுமானாலும் எழுதலாம். எழுதுகிறவர் வீட்டிலிருந்து யாரும் சண்டைக்குப் போயிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். மறுபடி எழுதினேன்:

"அவளுக்குத் திங்கட்கிழமைக்குள் ஒரு நல்ல போர்ப்படம் தேவைப்பட்டது."

இது நின்றது. கட்டுரை போய்க் கதை வந்துவிட்டது. இதழ்க்காரர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

(முதலில் "எனக்கு" என்றுதான் போட்டிருந்தேன். "நான்" என்று தொடங்கினால் நாலாவது வரிக்குள் நான் நல்லவளாகிவிடுகிறேன். அதனால் "அவள்".)

2

அவள் டப்பிங் ஸ்டூடியோவில் வசனம் எழுதுகிறவள். வேற்றுமொழிக்காரன் உதடு மூடுகிற இடத்தில் நம் சொல்லும் உதட்டை மூட வேண்டும். அவன் வாய் பிளந்து கத்தும்போது நம் ஆள் முணுமுணுக்கக் கூடாது. நாள் முழுக்கப் பிறர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. வீட்டில் முதல் பட்டதாரி. கறுப்பு அங்கி போட்ட அவள் படம் டிவிக்கு மேலே தொங்குகிறது. யார் எந்தப் படம் பார்த்தாலும் அவளையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

தம்பிக்கு இருபத்திரண்டு வயது. எல்லையில் சண்டை நடந்துகொண்டிருந்தபோது ராணுவத்தில் சேர விண்ணப்பத் தாள் வாங்கி வந்தான். கடைசிப் பக்கத்தில் வீட்டார் ஒருவர் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா அந்தத் தாளைத் தொடவே இல்லை.

"நீதானே படிச்சவ. படிச்சுப் பாத்து நீயே போடு, இல்ல போடாத. என்னைக் கேக்காத."

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் கொடுக்க வேண்டும். அன்று வியாழன். அவள் கெஞ்சினாள், கத்தினாள், ஒரு தடவை அழுதும் பார்த்தாள். "மூக்கச் சிந்திட்டு வா, அப்புறம் பேசலாம்" என்றான்.

அவன் கெட்டது போர்ப்படங்களால் என்பது அவள் முடிவு. சின்ன வயதிலிருந்து அதைத்தான் பார்க்கிறான். அப்படியானால் ஒரே ஒரு சரியான படத்தைக் காட்டினால்

(இந்த இடத்தில் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கும் வருகிறது. படித்தவர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை இது.)

3

ஸ்டூடியோவின் குரல் பதியும் அறையில் சுவரெல்லாம் தடித்த துணி. உள்ளே போனால் நம் குரலே யாரோ தோளில் சாய்ந்து பேசுவதுபோல் கேட்கும். சாப்பாட்டு நேரத்தில் மூன்று பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அவள், எடிட்டிங் செய்யும் கத்தரி அக்கா, சத்தம் கலக்கும் காதுக்காரர்.

"ஒரு படம் சொல்லுங்க. பாத்தவன் போகவே கூடாது."

"அப்படி ஒண்ணு கிடையாதுடி" என்றாள் கத்தரி அக்கா.

"பனி நாட்டுப் படம் ஒண்ணு பண்ணினோமே. எல்லாரும் செத்துடுவாங்களே."

"அழகா செத்துடுவாங்க. அதான் வில்லங்கம். அதை வெட்டி முடிச்சிட்டு நானே ரெண்டு நாளு நெஞ்ச நிமித்திக்கிட்டு நடந்தேன். வீட்டுக்காரரு இடுப்புல பிடிப்பான்னு கேட்டாரு."

காதுக்காரர் சோற்று டப்பாவை மூடினார். "குத்தம் படத்துல இல்ல, மியூசிக்ல. ஒருத்தன் சாகும்போது நாப்பது வயலின் வாசிச்சா யாருக்குத்தான் சாக ஆசை வராது? எங்க மாமனார் போனப்ப ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு."

"அப்ப நல்ல போர்ப்படம்னா எது?"

"சும்மா உக்காந்திருக்கிறதக் காட்டணும்" என்றாள் கத்தரி அக்கா. "காய்ஞ்ச சாக்ஸ் கிடைக்குமான்னு தேடறது. மழை. மறுபடி மழை. ஆனா அப்படி ஒரு ஃபுட்டேஜ் வந்தா அத மொத ஆளா வெட்டித் தள்றவ நான்தான்."

"எதிரிக்கும் முகம் இருக்கணும்" என்றாள் அவள். கல்லூரியில் படித்தது.

"முகத்தப் பாத்துட்டே சுடறவன் இருக்கான், தாயே" என்றார் காதுக்காரர்.

அரை மணி நேரச் சண்டைக்குப் பிறகு ஒரு படத்தில் சமாதானமானார்கள். பதினோரு பேர் ஒரு பாலத்தைக் காவல் காக்கிற படம். தொடக்கத்தில் ஒரு சண்டை, அப்புறம் நாள்கணக்காக எதிரிகள் யாரும் வருவதில்லை. கடைசியில் வருகிறார்கள். போன மாதம்தான் டப்பிங் முடிந்திருந்தது.

ஸ்டூடியோவில் ஒவ்வொரு படமும் மூன்று ஃபைலாக இருக்கும். படத்தோடு குரல் மட்டும் ஒன்று. படத்தோடு இசையும் வெடியும் மட்டும் ஒன்று. எல்லாம் கலந்தது மூன்றாவது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் பென் டிரைவில் முதலாவதை ஏற்றிக்கொண்டு ஓடினாள்.

(தெரிந்தே எடுத்தாள் என்று மாற்றிப் பார்த்தேன். கதை கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாக மின்னியது. அழித்துவிட்டேன். அவள் அவ்வளவு கெட்டிக்காரி இல்லை.)

4

ஞாயிற்றுக்கிழமை மதியம். திரைச்சீலை வழியே வந்த வெயில் தரையில் தண்ணீர்போல் அசைந்தது. தம்பி தலையணையை மார்புக்குக் கீழே வைத்துக் குப்புறப் படுத்திருந்தான். அம்மா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

படம் தொடங்கியது. வயலில் ஒரு குண்டு விழுந்தது. சத்தமில்லை. மண் எழும்பியது, கொஞ்ச நேரம் யோசித்தது, இறங்கியது. அதற்குள்ளிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். காலடிச் சத்தம் கிடையாது, பூமிக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் ஓடுகிறவர்கள்போல. துப்பாக்கியின் வாயில் வெளிச்சம் வந்து வந்து போனது. ஒருவன் களைத்துப் போனவனைப்போல உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை.

குரல்கள் மட்டும் இருந்தன. துணிச் சுவருக்குள் பதிந்த குரல்கள், அவற்றில் காற்றில்லை, வெட்டவெளியில்லை. சோபாவுக்குப் பின்னால் யாரோ படுத்துப் பேசுவதுபோல இருந்தது. "தள்ளிப் படு." "தண்ணி இருக்கா?" "மணி என்ன?" நடுவில் மூச்சு. பதினோரு பேரின் மூச்சு அந்தச் சின்ன அறையில் ஏறி இறங்கியது.

ஃபைல் மாறிவிட்டது என்று அவளுக்கு முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது.

"டிவி போயிடுச்சாக்கா?"

"இல்ல. படமே அப்படித்தான்."

அவன் எழுந்து போய் ஃபேனை நிறுத்திவிட்டு வந்து படுத்தான். அதற்கப்புறம் வெயில் சுவருக்கு ஏறியது. பாலத்தின் மேல் தீ துணி காய்வதுபோல அசைந்தது. இருப்பவர்களிலேயே இளையவன் மல்லாந்து கிடந்தான், வானத்தைப் பார்த்து வாயைத் திறந்தான்.

"அம்மா... அம்மா, இங்க வா."

சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. ஈரக் கையோடு அம்மா வந்து வாசலில் நின்றாள்.

"என்னடா? எதுக்குக் கூப்பிட்ட?"

"நான் கூப்பிடலம்மா."

"கூப்பிட்ட. கேட்டுச்சே."

அவன் டிவியைக் கை காட்டினான். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். விரல் நுனியிலிருந்து நீர் சொட்டியது.

"அந்தப் புள்ளகிட்ட யாராச்சும் போனாங்களா?"

அம்மா பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தாள்.*

* மூலப் படத்தில் அவன் அம்மாவைக் கூப்பிடவில்லை. கூடவே இருந்த நண்பனைக் கூப்பிடுகிறான். அந்தப் பெயரின் நடுவில் உதடு மூடியது, வசனம் எழுதிய அவள் "அம்மா" என்று போட்டாள். பதிவின்போது ஸ்டூடியோவே கண்ணைத் துடைத்தது, இயக்குநர் கை தட்டினார், அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. போர்ப்படங்களைத் திட்டிக்கொண்டிருக்கும் இந்தக் கதையும் அதே சொல்லில்தான் உங்களைப் பிடித்தது. கவனித்தீர்களா?

5

முடிவு அ: தம்பி எழுந்து போய்த் தாளை எடுத்துக் குறுக்கே கிழித்து

பொய். எந்தப் படத்துக்கும் அவ்வளவு பலம் கிடையாது. இருந்திருந்தால் உலகத்தில் சண்டை நின்று எத்தனையோ வருடம் ஆகியிருக்கும்.

முடிவு ஆ: அவள் கையெழுத்துப் போடுகிறாள். அவன் போகிறான். ஒரு மதியம், வீட்டில் யாரும் இல்லாதபோது, அம்மாவுக்கு அந்தக் குரல் மறுபடியும்

இதை ஒன்றரைப் பக்கம் எழுதினேன். எழுதும்போது அழுதேன். அந்த அழுகை சுகமாக இருந்தது, இதமான வெந்நீரில் குளிப்பதுபோல. அப்போதுதான் பயந்து பேனாவைக் கீழே வைத்தேன். அவனைக் கொன்றுவிட்டு நானும் நீங்களும் நல்ல படம் பார்த்த திருப்தியோடு தூங்கப் போவோம். அந்த ஒன்றரைப் பக்கத்தை யாருக்கும் தர மாட்டேன்.

6

நடந்தது இதுதான். தம்பி டிவியை அணைத்தான்.

"நல்ல படம்க்கா."

"இன்னும் போகத் தோணுதா?"

"படம் பாத்துட்டுத்தான் போறேன்னு உனக்கு யாரு சொன்னா?" சிரித்தான். "நீயும் உன் ஆபீஸ் ஆளுங்களும் உக்காந்து இதத்தான் பேசினீங்களா? ஃபைல் மாறிப்போச்சுன்னு பத்தாவது நிமிஷமே தெரியும். நீயா சொல்லுவேன்னு பாத்தேன்."

அவள் எழுந்து போய் டிவியிலிருந்து பென் டிரைவைப் பிடுங்கினாள்.

"எனக்குப் பயமில்லன்னு நெனைக்கிறியா? பயம்தான். ஆனா பாரு, ஒரு வீட்டுல ஒருத்தரத்தான் படிக்க வைக்க முடியும்னு இருந்துச்சு. நீ நல்லா படிச்ச, நீ படிச்ச. நான் பத்தாவதோட குடோன்ல மூட்ட தூக்கப் போனேன். குத்தம் சொல்லலக்கா, சத்தியமா. ஏழு வருஷமா அங்க என்னை 'ஏய்'னுதான் கூப்பிடுறாங்க. பட்டாளத்துல மொத நாளே பேரு எழுதி சட்டையில குத்திடுவாங்களாம்."

"அதுக்காகவாடா..."

"அதுக்காகன்னே வச்சுக்கோ. போகாதன்னு சொல்லாத. போகலன்னா எனக்கு என்ன இருக்கு, அத மட்டும் சொல்லு. நீ ஒண்ணு சொல்லு, நான் போகல."

கிண்டலில்லை. அவன் நிஜமாகவே கேட்டான். தாளை அவள் மடியில் விரித்துவைத்தான். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளும் படித்தவளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

7

அவள் வாயைத் திறக்கிற இடம் வரை எழுதிவிட்டேன். அந்த வாயில் போட எனக்கு வசனம் கிடைக்கவில்லை. எட்டு முறை எழுதி எட்டு முறை அடித்தேன். ஒவ்வொன்றும் மேடைப் பேச்சாக வந்தது.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். இவ்வளவு தூரம் வாசித்தீர்கள் என்றால் நீங்களும் படித்தவர்தான். கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்று எனக்கு எழுதி அனுப்பாதீர்கள், அதைப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்த அறைக்குள் போய், ஃபேன் நின்ற அந்த மதியத்தில் அவன் எதிரே உட்கார்ந்து, அவனுக்கு இங்கே என்ன இருக்கிறது என்று அவனிடமே சொல்லுங்கள்.

பொய் மட்டும் வேண்டாம். அவன் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவான். கண்டுபிடித்ததைச் சொல்லவும் மாட்டான், நீங்களாகச் சொல்கிறீர்களா என்று பார்த்துக்கொண்டே இருப்பான்.