கிளட்ச் இல்லாத கார்

கம்பத்தில் ஏலக்காய் முதலாளி வீரணன் வீட்டு வாசலில் இரண்டு கார்கள் நின்றன. மதுரையிலிருந்து தரகன் கொண்டுவந்து விட்டவை. டிரைவர் சுருளியாண்டி விடிந்ததிலிருந்து அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஒன்று சின்ன இங்கிலீஷ் கார், புதுசு. இன்னொன்று, சண்டை முடிந்து ஊர் திரும்பிய பட்டாளத்துத் துரை விட்டுப்போனது. பழசு, விலையும் குறைவு. ஆனால் அதில் கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறிக்கொள்ளும். அதை வாங்கினால்தான் சுருளிக்குப் பிழைப்பு. கிளட்ச் மிதிக்கத் திணறுகிற டிரைவர் எனக்கெதற்கு என்று முதலாளி முன்பே சொல்லிவிட்டார்.

அவன் இடது காலைக் கெடுத்தது யார்? குமுளி மலையில் பழைய வண்டி நின்றுபோனபோது, சக்கரத்துக்கடியில் கட்டை வைக்கக் குனிந்தான். உள்ளே இருந்த முதலாளி வேட்டியைச் சரிசெய்கிறேன் என்று கை பிரேக்கைத் தட்டிவிட்டார். சக்கரம் இடது முழங்காலில் ஏறி இறங்கியது. "பாத்து நிக்கத் தெரியாதாலே?" என்று கத்தியதும் அவர்தான்.

"காலை முறிச்ச மனுசனுக்குக் காரு பொறுக்கிக் குடுக்கப் போறீகளாக்கும்!" என்று காலையில் அவன் பெண்டாட்டி முத்துப்பேச்சி கஞ்சிச் சட்டியை நங்கென்று வைத்திருந்தாள்.

முதலாளி துண்டை உதறிக்கொண்டு வெளியே வந்தார். "என்னலே, எது தேவலை?"

"தொரை வண்டிதான் மொதலாளி. மலையேத்தத்துல கியரோட மல்லுக்கட்ட வேணாம்."

"பழசாச்சேலே."

"இஞ்சினு கல்லு மாதிரி இருக்கு. அமுத்துனாப் போகும், பிரேக்க மிதிச்சா நிக்கும். அம்புட்டு லேசு, யாரு வேணாலும் ஓட்டலாம்."

முதலாளி முகம் மலர்ந்தது. அவருக்கு வண்டியோட்ட வெகுநாள் ஆசை. சுருளி எவ்வளவோ சொல்லிக்கொடுத்தும் கிளட்ச் மட்டும் பிடிபடவில்லை. வண்டி துள்ளித் துள்ளி நின்றுபோகும், தெருவே சிரிக்கும்.

துரை வண்டியையே வாங்கினார். சுருளி பக்கத்தில் உட்கார்ந்து பழக்கினான். ஆசைக்கு ஓட்டட்டுமே என்று நினைத்தான், பாவி. சின்னமனூர்ச் சந்தைவரை ஓட்டிப்போய்த் திரும்பிய அன்று முதலாளி குழந்தை மாதிரிச் சிரித்தார்.

மறுநாள் சுருளி வந்தபோது ஸ்டீரிங் முன்னால் அவரே உட்கார்ந்திருந்தார்.

"நீ இனிமே வரவேணாம்லே."

"மொதலாளி! இந்தக் காலை வச்சுக்கிட்டு நா எங்கன போவேன்?"

"நீதானலே சொன்ன, யாரு வேணாலும் ஓட்டலாமுன்னு."

அட சண்டாளா! சுருளிக்கு ரத்தம் தலைக்கேறியது. "ஒங்க வண்டி ஏறுன காலு இது! இதை வச்சுத்தான பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒங்கள மலைக்கும் ஊருக்கும் கொண்டுபோனேன்!"

"பாத்து நின்னிருக்கணும். கட்டைய எடு, நேரமாகுது."

வாசல் சரிவில் பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருந்தது. பழகிப்போன கை தானாக அதற்குப் போனது. கால் மடங்காமல், மண்ணில் உட்கார்ந்துதான் உருவ முடிந்தது. உருவிய கையோடு அவன் கட்டையை ஓங்கினான். எறியவேண்டுமென்றால் எழுந்திருக்க வேண்டும், எழுந்திருக்க முடியவில்லை. வண்டி ஒரு குலுக்கல்கூட இல்லாமல் தெருவில் இறங்கிப் போனது.