கூப்பிட்டவள்

கதவை மூன்றாவது தடவை தட்டும்வரை இவள் எழுந்திருக்கவில்லை. தட்டுவது யாரென்று தெரியும். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, அவசரமே இல்லாமல், விரல் முட்டியால் இரண்டிரண்டாகத் தட்டுகிற ஆள் ஒருத்திதான். குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து வருகிறவள். ஐம்பது வயதிருக்கும். தோளில் ஒரு துணிப்பை, அதில் மரக்கட்டைகள், இரண்டு பொம்மைகள், ஒரு நோட்டு. இவள் அவளுக்குச் 'செவ்வாய்' என்று பெயர் வைத்திருந்தாள். வாரம் தவறாமல் வந்து வீட்டைப் பிடித்து ஆட்டுகிற கிரகத்துக்கு வேறென்ன பெயர் வைப்பது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இவளுக்கு இன்னமும் சிரிப்பு வந்தது.

செவ்வாய் செருப்பை ஜோடி சேர்த்துக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. உட்கார இடமும் இல்லை. தையல் கம்பெனியிலிருந்து வந்த சட்டைகள் மூட்டை மூட்டையாகக் கூடம் முழுக்கக் கிடந்தன. தைத்து முடித்த சட்டைகளில் தொங்கும் நூல் பிசிறுகளைச் சின்னக் கத்தரியால் வெட்டி, மடித்து, மறுநாள் திருப்பி அனுப்ப வேண்டும். அதுதான் இவள் வேலை. செவ்வாய் ஒரு மூட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டு, முழங்கால் சொடக்கிடத் தரையில் உட்கார்ந்தாள். இவள் அந்த மூட்டையைப் பழைய இடத்துக்கே இழுத்து வைத்தாள்.

குழந்தை சுவரோரமாக நின்று பையையே பார்த்துக்கொண்டிருந்தது. நாலு வயது. மூன்று மாதம் முன்புவரை அதன் அப்பா அதை 'ரேடியோ' என்றுதான் கூப்பிடுவான். விடிந்ததிலிருந்து அடைகிறவரை ஓயாது. பக்கத்து வீட்டு மாமா, தெருவில் போகிற நாய், தண்ணீர் லாரிக்காரர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் ஜன்னலிலிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கதை கேட்கும். அப்பா கட்டட வேலைக்குப் போகிற பெயின்டர். ஒரு சனிக்கிழமை மத்தியானம், மூன்றாவது மாடி உயரத்தில் கட்டியிருந்த சாரத்தில் நின்று சுவருக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தவன், கீழே பார்த்துத் திரும்பியபோது பலகையின் நுனியில் கால் வைத்துவிட்டான். பலகை தூக்கிக்கொண்டது. சாப்பாட்டு டப்பாவோடு கீழே நின்றிருந்த இவளுக்கும் குழந்தைக்கும் பத்தடி தள்ளித்தான் அவன் விழுந்தான்.

அன்றைக்கு மேஸ்திரி கேட்டார், போலீஸ்காரர் கேட்டார், ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், சாவுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். எல்லோருக்கும் இவள் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னாள். குழந்தை அப்பான்னு கூப்பிட்டா, அவர் திரும்பினார். சொல்லச் சொல்ல அந்த வாக்கியம் வழவழவென்று ஆகிவிட்டது. இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டே அதை எத்தனை பேரிடம் சொன்னாள் என்பதற்குக் கணக்கில்லை.

பாலர் பள்ளி டீச்சர்தான் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டவள். குழந்தை நன்றாகத்தான் பேசுகிறது, கேட்டால் பதில் சொல்கிறது, ஆனால் யாரையும் கூப்பிடுவதில்லை என்று எழுதியிருந்தாள். ஒன்றுக்கு வந்தால் பாவாடையை நனைத்துக்கொண்டு நிற்கிறதே தவிர, டீச்சர் என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வருவதில்லை. செவ்வாய் முதல் நாள் அதைப் படித்துக் காட்டியபோது, பேசத்தானே செய்றா, அப்புறம் என்ன என்று இவள் வெடுக்கென்று கேட்டாள். ஆனால் டீச்சருக்கு முன்பே இவளுக்குத் தெரியும். தண்ணீர் வேண்டுமென்றால் குழந்தை பக்கத்தில் வந்து புடவை நுனியைப் பிடித்து இழுக்கும். இவள் திரும்பாவிட்டால் இழுத்துக்கொண்டே நிற்கும். அப்படி இழுக்கும்போதெல்லாம் இவளுக்கு உடம்பில் பூரான் ஊர்வது மாதிரி இருந்தது. கையைத் தட்டிவிடுவாள்.

செவ்வாய் மரக்கட்டைகளைப் பரப்பினாள். குழந்தை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது. உச்சியில் ஒரு பொம்மையை நிற்க வைத்தது. பிறகு, அது தானாக அசைவதற்குள், இரண்டு கையாலும் பொம்மையைப் பிடித்து ஒவ்வொரு கட்டையாகத் தொட வைத்துக் கீழே இறக்கியது. தரையில் உட்கார்த்தி வைத்தது. மறுபடி அடுக்கியது. மறுபடி இறக்கியது. ஆறு வாரமாக இதே விளையாட்டு. பொம்மை ஒரு தடவைகூட விழுந்ததில்லை. செவ்வாய் எதுவும் பேசாமல், தாடையில் கை வைத்துக்கொண்டு, சினிமா பார்ப்பதுபோல் பார்த்திருந்தாள். இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் நடந்து காலால் கட்டைகளை இடறிவிட்டாள். பொம்மை மூட்டைக்கடியில் போய் விழுந்தது. குழந்தை அழவில்லை. குனிந்து தேடிக்கொண்டிருந்தது.

“தெரியாம பட்டுதா?” என்று செவ்வாய் கேட்டாள்.

“தெரிஞ்சுதான்” என்றாள் இவள்.

செவ்வாய் நோட்டில் ஏதோ எழுதினாள். எழுதட்டும். இரண்டாவது வாரமே இவள் அவளிடம் நேராகக் கேட்டிருந்தாள், நீங்களே கூட்டிக்கொண்டு போய் ஒரு காப்பகத்தில் வைத்துக்கொள்கிறீர்களா என்று. அன்றைக்கும் அவள் பதில் சொல்லாமல் எழுதத்தான் எழுதினாள். காப்பக யோசனை நாத்தனாருடையது. செத்துப்போனவனின் அக்கா. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, தம்பி படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே குழந்தையைப் பார்ப்பாள். அப்பனை முழுங்கின வாய் என்று ஒருநாள் சொன்னாள். தாழ்ந்த குரலில்கூட இல்லை. இவள் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கத்தரி ஒரு நொடி நின்றது, பிறகு வெட்டத் தொடங்கியது. அவ்வளவுதான்.

அந்த வாரம் வியாழக்கிழமை காற்று அதிகம். கூடத்தை ஒட்டிய பால்கனிக்குக் கம்பி வைத்த ஓர் இரும்புக் கதவு உண்டு. குழந்தை வெளியே நின்று கதவின் கீல் பக்கத்து இடுக்கில் கையை விட்டிருக்கிறது. காற்று கதவை அறைந்து சாத்தியது. சத்தம் இவளுக்குக் கேட்டது. தினமும் கேட்கிற சத்தம்தான். கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு ஒன்பது சட்டை வெட்டி மடித்தாள். பத்தாவதை எடுக்கும்போதுதான், துணி காய்கிறதே, காற்றில் பறந்துவிடப் போகிறது என்று எழுந்து போனாள்.

கதவின் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் குழந்தையின் முகம் இருந்தது. சாம்பல் பூத்துப்போய், நெற்றியெல்லாம் வியர்த்து, உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு. இரண்டு விரல் கீலுக்குள். கண் இவள் மேல் இருந்தது. இவ்வளவு நேரமும் இவள் முதுகு உட்கார்ந்திருந்த இடத்தைத்தான் அது பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. கதவைத் திறந்தபோதும் அது சத்தம் போடவில்லை. கதவைத் திறந்தவள்தான் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் நம்பவில்லை. பத்து நிமிஷமா, கத்தவே இல்லையா, நீங்க எங்கே இருந்தீங்க என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். பக்கத்திலேயே இருந்தேன் என்று இவளும் திரும்பத் திரும்பச் சொன்னாள். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமான பதிலாகக் கேட்கிறதென்று தெரிந்தது. ஒரு விரலில் எலும்பு விரிசல். இன்னொன்றில் நகம் போய்விட்டது. கட்டுப் போட்டு முடிக்கும்வரை நர்ஸ் இவளைத் தாயாகப் பார்க்கவில்லை, சந்தேகத்தோடுதான் பார்த்தாள். பிறகு அறைக்கு வெளியே போய் யாருக்கோ போன் செய்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், விஷயம் கேள்விப்பட்டு நாத்தனார் வந்து உட்கார்ந்திருக்கும்போது கதவு தட்டப்பட்டது. இரண்டிரண்டாக இல்லை, தொடர்ந்து. செவ்வாய், வெள்ளிக்கிழமையில். செருப்பு ஒன்று வாசலிலும் ஒன்று படியிலுமாகக் கிடந்தது. அவள் முகத்தில் வழக்கமான பொறுமை கொஞ்சமும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்துவிட்டது, மேலதிகாரி அறிக்கை கேட்கிறார், இனி இந்தக் குழந்தையை இங்கே விடலாமா என்று தான் எழுதியாக வேண்டும் என்றாள். நின்றுகொண்டே சொன்னாள்.

இரண்டாவது வாரம் தானாகவே கேட்ட விஷயம்தான். ஆனால் இப்போது இவள் குழந்தைக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றாள். ஏன் வந்து நின்றோம் என்று இவளுக்கே தெரியவில்லை.

“விளையாட்டு பாக்கறேன் விளையாட்டு பாக்கறேன்னு ஆறு வாரம் வந்தீங்களே. என்னத்தக் கிழிச்சீங்க? விரல் நசுங்குது, அம்மான்னு சொல்ல வாய் வரல அதுக்கு. நீங்க எழுதினதெல்லாம் எங்க போச்சு?”

செவ்வாய்க்கு முகம் சிவந்தது. “நான் எழுதினதால விரல் நசுங்கல. பக்கத்துல நீங்கதான் இருந்தீங்க. ஒரு தடவ திரும்பிப் பாத்திருக்கலாம்.”

நாத்தனார் இதற்காகவே காத்திருந்தவள்போல் எழுந்தாள். கூட்டிட்டுப் போங்க மேடம், நல்லா இருப்பீங்க என்றாள். அந்தப் பொண்ணு கூப்பிட்டு ஒரு உசிரு போனது போதும், இன்னும் இந்த வீட்ல யாரையாவது கூப்பிடறதுக்குள்ள கூட்டிட்டுப் போங்க.

குழந்தை சட்டை மூட்டைமேல் உட்கார்ந்திருந்தது. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து, இன்னொரு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டது. யாரும் பொத்தச் சொல்லவில்லை. இவள் அதைப் பார்த்தாள். மூன்று மாதமாக இதையேதான் அது செய்துகொண்டிருக்கிறது, கைதான் இன்றைக்குத் தெரிகிறது என்று தோன்றியது.

“அவ கூப்பிடல அண்ணி” என்றாள்.

“என்னது?”

“நான்தான் கூப்பிடச் சொன்னேன்.”

நாத்தனார் புரியாமல் பார்த்தாள். இவள் நிறுத்தவில்லை. குரல் கெஞ்சவில்லை. சண்டைக் குரலாகவே இருந்தது. அன்றைக்குக் காலையில் அவனோடு சண்டை. எதற்கு என்றுகூட இப்போது சரியாக நினைவில்லை, சோப்பு வாங்கி வராததோ என்னவோ. டப்பாவை வேண்டுமென்றே எடுக்காமல் போய்விட்டான். மானங்கெட்டு இவளே கொண்டு போனாள், ஆனால் தானாகப் பேசுவதில்லை என்று வைராக்கியம். காவலாளியிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். கொடுக்கவில்லை, அவன் இறங்கி வந்து வாங்க வேண்டும் என்றிருந்தது. அதனால் குழந்தையின் முதுகில் தட்டி, உங்கப்பாவக் கூப்பிடுடி, சத்தமாக் கூப்பிடு என்றாள். குழந்தை கூப்பிட்டது. அவன் கேட்காததுபோல் வண்ணம் அடித்துக்கொண்டே இருந்தான். இன்னும் சத்தமா என்றாள்.

நாத்தனாரின் உதடு கோணியது. அப்போ நீதானாடி என்றாள். கேள்வியாக இல்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு, செவ்வாயின் செருப்பை மிதித்துக்கொண்டு இறங்கிப் போனாள். இனி ஞாயிற்றுக்கிழமை வரமாட்டாள் என்பது அவள் நடையிலேயே தெரிந்தது.

இவள் மூச்சு வாங்க நின்றாள். எழுதிக்குங்க, அதையும் எழுதிக்குங்க என்று செவ்வாயைப் பார்த்துச் சொன்னாள். செவ்வாய் நோட்டை எடுக்கவில்லை. கோபம் இறங்காத முகத்தோடு, அதை எங்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றாள். குழந்தை பக்கம் தலையை அசைத்தாள்.

“எனக்கு யாரும் சொல்லித்தர வேணாம்” என்றாள் இவள். ஆனால் குழந்தையின் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் அதன் பாவாடையில் ஒட்டியிருந்த நூல் பிசிறைக் கிள்ளினாள்.

“அப்பாவ நான்தான கூப்பிடச் சொன்னேன். ஞாபகம் இருக்கா?”

குழந்தை வாயிலிருந்து கையை எடுத்தது. “நான் சத்தமாக் கூப்பிட்டேன்.”

“நான்தான் சத்தமான்னு சொன்னேன். எல்லார்கிட்டயும் பாதிதான் சொன்னேன். தப்பு என்னோடது.”

குழந்தை அதை யோசித்தது. நாலு வயது நெற்றி சுருங்கியது. “நீ ஏன் கூப்பிடல?”

மூன்று மாதத்தில் போலீஸ்காரர் கேட்கவில்லை, மேஸ்திரி கேட்கவில்லை, ஆறு வாரம் வந்த செவ்வாயும் கேட்கவில்லை.

“உங்கப்பாவோட டூ விட்டிருந்தேன்” என்றாள். “பேச மாட்டேன்னு இருந்தேன்.”

டூ விட்டால் அப்புறம் பழம் விடணுமே என்றது குழந்தை. விடல என்றாள் இவள். குழந்தை இறங்கி வந்து மடியில் ஏறவும் இல்லை. மூட்டைமேலேயே சாய்ந்து, கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரி மருந்தின் மயக்கத்தில் கண்ணைச் செருகியது.

செவ்வாய் வாசலுக்குப் போய் ஒரு செருப்பைப் போட்டுக்கொண்டு இன்னொன்றைத் தேடினாள். அறிக்கை எழுதத்தான் வேண்டும், நேற்று நடந்ததை நடந்தபடியேதான் எழுதுவேன், மேலே என்ன முடிவெடுப்பார்களென்று தன்னால் சொல்ல முடியாது என்றாள். நாளைக்கும் வருவேன் என்றாள். வர வேண்டாம் என்றாள் இவள், திரும்பாமலே. பத்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

கட்டுப்போட்ட கை தொங்கக் கூடாது, தொங்கினால் வீங்கும், நெஞ்சுக்கு மேலேயே இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தூக்கத்தில் கை சரிந்தது. இவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்து மேலே தூக்கினாள். மூன்று மாதத்தில் அந்தக் கையைத் தட்டிவிடாமல் இவளாகப் பிடித்துக்கொண்டிருந்தது அதுதான் முதல் தடவை. வெயில் பால்கனி வழியாக உள்ளே வந்து சட்டைகளின் மேல் விழுந்தது. சாயங்காலத்துக்குள் இரண்டு மூட்டை முடித்தாக வேண்டும். கத்தரி எட்டாத இடத்தில் கிடந்தது. வெள்ளைக் கட்டோடு அந்தச் சின்னக் கை, வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளையின் கைபோல், நேராக மேலே நின்றது. இவள் தோள் வலிக்கத் தொடங்கியது. கையை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.