கவர்னர் பெட்டியில் பிறந்தவள்

கஜாலி ஸ்டேஷனின் கடைசித் தண்டவாளத்தில் நின்ற, பெரிய அதிகாரிகளுக்கான சொகுசு ரயில்பெட்டியை ஊரே கவர்னர் பெட்டி என்றுதான் சொல்லும். ஜார் காலத்தில் ஒரு கவர்னருக்காகப் பீட்டர்ஸ்பர்க்கில் செய்தது. பச்சை வெல்வெட் மெத்தை, வெந்நீர்க் குழாய், ஆளுயரக் கண்ணாடி. கவர்னர் அதில் இரண்டே முறைதான் பயணம் போனார். புரட்சி வந்ததும் ஒரு படைத்தளபதி பாதி வெல்வெட்டைக் கிழித்துக் காலில் சுற்றிக்கொண்டார். இப்போது மேலதிகாரிகள் வந்தால் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டு. ஆனால் அடுப்பு மட்டும் குளிர்காலம் முழுக்க எரியும்; குழாய் உறைந்து வெடித்துவிடக் கூடாதே!

ரயில்வே மருத்துவச்சி உல்போசினுக்கு அந்தப் புகையைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். அவள் பிரசவம் பார்ப்பது சரக்குக் கொட்டகையின் மூலையில். அங்கே வாளித் தண்ணீர் மேலாக உறைந்து கிடக்கும்.

அந்தப் பிப்ரவரியில் ஒரு நண்பகல், கான்சாயிம் என்ற இளம்பெண்ணை அவள் புருஷன் ஒட்டகச் சறுக்குவண்டியில் கொண்டுவந்தான். தொட்டுப் பார்த்த உல்போசின் நேரே ஸ்டேஷன் மாஸ்டர் ஜுசிப்பிடம் ஓடினாள்.

"அண்ணே, கவர்னர் பெட்டிச் சாவியக் குடுங்க. பிள்ளை குறுக்க கெடக்கு. அந்தக் கொட்டகைக் குளிர்ல என் கையே மரத்துப்போவுது, எப்படித் திருப்புவேன்?"

"உனக்கென்ன பைத்தியமா தங்கச்சி? மீன்பிடித் துறையப் பாக்கப் போன பெரிய மனுஷன் சாயங்காலம் வர்றாரு. அதுலதான் தலைநகருக்குத் திரும்புறாரு."

"அதுக்கு முன்னாடி இன்னொரு பெரிய மனுஷன் வர்றாரு அண்ணே. அவரு காத்திருக்க மாட்டாரு."

ஜுசிப் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியே பார்த்தார். பனியில் நின்றபடி புருஷன் தன் தோலங்கியைக் கழற்றி மனைவிக்குப் போர்த்திக்கொண்டிருந்தான்.

"கம்பளத்துல கறை படாம பாத்துக்க" என்று சாவியை நீட்டினார்.

கறை படத்தான் செய்தது. வெந்நீரில் சூடேறிய கைகளால் உல்போசின் பிள்ளையை மெல்ல மெல்லத் திருப்பினாள். கான்சாயிம் எதிர்க் கண்ணாடியைப் பார்த்து அலறினாள்: "யாருக்கா அது, பேய் மாதிரி?"

"நீதான். முக்கு!"

பெண் குழந்தை பிறந்து அழுதுகொண்டிருக்கும்போதே அந்தப் பெரிய மனுஷன், மேலதிகாரி சாகிந்திக், வந்துவிட்டார். அவர் குரல் பிளாட்பாரமெங்கும் கேட்டது: "யாரைக் கேட்டுத் திறந்தீங்க?"

பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ள உல்போசின் படிக்கு ஓடினாள். அதற்குள் ஜுசிப், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "நான்தாங்க திறந்தேன். கேக்க நேரமில்ல." உல்போசின் அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஆறு பிள்ளைக்காரர், தலை குனிந்தே பழகியவர்!

உள்ளிருந்து கான்சாயிமின் குரல் வந்தது: "அந்த ஐயாவ உள்ள வரச்சொல்லுங்கக்கா. கதவச் சாத்தச் சொல்லுங்க, குழந்தைக்குக் குளிருது!"

சுமைக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சாகிந்திக் முகம் சிவக்க ஏறி, கதவைச் சாத்தினார்.

தாய்க்கு உதிரம் நிற்கவில்லை. தலைநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயே ஆகவேண்டும். வண்டி பெட்டியை இழுத்துக்கொண்டு புறப்பட்டது. அதிகாரி பெட்டிக்குள் நடைவழியிலிருந்த மடக்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். உல்போசினுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. "பிடிங்க!" என்று குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வழியெல்லாம் மனுஷர் கால் மரத்தும் அசையாமல் இருந்தார்.

தாய் பிழைத்தாள். ஆனாலும் அதிகாரி ஒரே நாளில் மகானாகிவிடவில்லை. விதியை மீறியதற்காக ஜுசிப்பை யாரும் இறங்காத ஒரு குட்டி ஸ்டேஷனுக்கு மாற்றினார். அதே மனிதர்தான், பனி உருகியதும், கவர்னர் பெட்டியைப் பிரசவப் பெட்டியாக்கி அந்தப் பாதை முழுக்க ஓடவிட உத்தரவு போட்டார்.

ஜுசிப்பை மட்டும் திரும்ப அழைக்கவில்லையே என்று உல்போசினுக்குக் கோபம் இருந்தது. ஆனால் ஏப்ரலில் பெட்டி முதன்முதலாக ஜுசிப்பின் ஸ்டேஷனில் நின்றபோது, அவர் சுற்றுப் புல்வெளியில் கூடாரம் போட்டு வாழ்பவர்களுக்கெல்லாம் ஆளனுப்பிச் சொல்லிவைத்திருந்தார். மேடையில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு இரண்டு பெண்கள் நின்றார்கள். உல்போசின் படியை இறக்கினாள்.

"முதல்ல யாரு ஏறுறது?"

"நான்!" என்றார்கள் இருவரும்.