அக்குள் நெறி

கிளினிக் வாங்குப் பலகையில் கலாராணிக்கு இடம் கிடைத்தபோது வெயில் யன்னலை விட்டு விலகியிருந்தது. நமுனுகுலவிலிருந்து முதல் பஸ்ஸில் பதுளைக்கு வந்தவளுக்கு, உட்கார்ந்ததும் இனி எழுந்திருக்கவே முடியாது போலிருந்தது. கூட வந்த லெட்சுமி, தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வீட்டு வரிசைக்காரி, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீவிக்கொண்டிருந்தாள்.

"பயப்படாதக்கா. கடலைக்கொட்டை அளவு கட்டி. அதுக்குள்ள என்னத்த பெருசா இருந்துறப் போவுது?"

"இப்பதான் பயத்தத் தூங்க வச்சிருக்கேன். நீ தட்டி எழுப்பாத."

மார்புக் கட்டியில் ஊசி குத்தி எடுத்த செல் பரிசோதனையில் புற்றுநோய் என்று போன கிளினிக்கிலேயே தெரிந்துவிட்டது. அன்று டொக்டர் கேசினி அவள் கையைத் தூக்கச் சொல்லி அக்குளை அழுத்திப் பார்த்தாள். பிறகு அங்கேயும் ஊசி குத்தி எடுத்தாள். நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறதென்று அந்த ரிப்போட் வந்தால்தான் தெரியும். இருந்த இடத்திலேயே நின்றிருந்தால் வெட்டி எறிந்துவிட்டுக் கொழுந்து பறிக்கும் மலைக்குத் திரும்பிவிடலாம். வழியெல்லாம் கலாராணி இதையே தனக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"இருங்கோ அம்மா." பேர் கூப்பிட்டு இருவரும் உள்ளே போனதும், யாழ்ப்பாணத்துப் பெண்ணான டொக்டர் நாற்காலியை நெருக்கி இழுத்துக்கொண்டாள். "கட்டி சின்னன்தான். அதை மட்டும் பாத்தா முதலாவது கட்டம். ஆனா அக்குளில எடுத்ததிலயும் அதே புற்றுநோய்ச் செல் இருக்கு. அங்க நெறியள், நிணநீர்க் கட்டியள், ஒண்டோடை ஒண்டு ஒட்டிப்போய்க் கிடக்கு. அதால இது மூண்டாவது கட்டம்."

"மொத்தம் எத்தனைங்க?"

"நாலு."

"அப்ப ஒண்ணு மிச்சமிருக்கு."

லெட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டொக்டர் சிரிக்கவில்லை. "ஓம், இருக்கு. ஈரலுக்கோ எலும்புக்கோ போயிருக்கோ எண்டு ஸ்கான் எடுத்துப் பாக்கோணும். போகேல்லை எண்டா முதல் மருந்து ஏத்தி, பிறகு ஒப்பரேசன் செய்யலாம். ஆனா இவ்வளவு நாளும் அக்குளில கிடந்ததை ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"அது நெறிதானேங்க. கொழுந்தெடுக்கிற எல்லாருக்கும் வரும். தேயிலை மிலாறுக் குச்சி கீறி கை பழுத்தா அக்குள்ள நெறி கட்டும். மஞ்சப் பத்துப் போட்டுட்டு மலைக்குப் போயிருவோம். தோட்டத்து டிஸ்பென்சரியிலயும் சொன்னேன். கைப் புண்ணப் பாத்துட்டு மாத்திரை குடுத்தாரு."

"கையைத் தூக்கிப் பாக்கேல்லையோ?"

"இல்லீங்க."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "கீறல் ஆறினாப் பிறகு நெறி வத்தோணும். வத்தாட்டி உடன வரோணும். உங்கட ஆக்களுக்கும் சொல்லுங்கோ."

திரும்பும் பஸ்ஸில் கலாராணி யோசித்துப் பார்த்தாள். தன் கீறல் எப்போது ஆறியது? தீபாவளிக்கு முன் கட்டைவிரலில் ஒன்று. அது காய்வதற்குள் மணிக்கட்டில் இன்னொன்று. பிறகு உள்ளங்கையில். நெறிக்கு ஒரு நாளும் காரணமில்லாமல் போனதில்லை. டிஸ்பென்சரிக்காரர்மேல் கோபப்பட்டுப் பார்த்தாள், தன்மேலும் கோபப்பட்டுப் பார்த்தாள். இரண்டையும் நெடுநேரம் தாங்கிப் பிடிக்க உடம்பில் தெம்பில்லை. லெட்சுமி அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

அவர்கள் தோட்டத்துக்குள் நடந்து வரும்போது கொழுந்து மடுவக் கொட்டகையில் மாலை நிறுவைக்குப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். "என்னவாம் கலா?" என்று சூழ்ந்துகொண்டார்கள். அவள் மூன்றாவது கட்டம் என்றாள். அக்குளில் இருந்ததும் அதுதான் என்றாள். ஒருத்தி தன் ரவிக்கைக்குள் மெதுவாகக் கைவிட்டு அக்குளைத் தடவினாள். பிறகு இன்னொருத்தி.

"எனக்கும் கெடக்குடி," என்றாள் வேலாயி. "எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"கீறல் ஆறின பொறகும் நெறி வத்தாம இருந்தா வரச் சொன்னாங்க."

வேலாயி தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவளும் பார்த்தாள். ஒவ்வொருத்தியாகக் கைகளை வெளிச்சத்தில் விரித்தார்கள். பழைய தழும்புகளுக்குக் குறுக்கே, எல்லாக் கைகளிலும் அன்றைய மிலாறு கிழித்த சிவப்புக் கோடு ஈரமாக இருந்தது.

"சாக்கத் தூக்குங்க, நேரமாவுது!" என்று தராசுப் பக்கமிருந்து கணக்கப்பிள்ளை சத்தம் போட்டார்.